வயர்லெஸ் சார்ஜரில் உப்பிய பேட்டரி: யாரைப் பொறுப்பாக்குவது?

கேள்வி: இரவில் வயர்லெஸ் சார்ஜிங் பேடில் கைப்பேசியை வைத்துவிட்டுத் தூங்கினேன். காலையில் பேட்டரி உப்பிப் பின்மூடி பிளந்திருந்தது, பேடும் கருகியிருந்தது. காந்தத் தாங்கியில் மாட்டுவதற்காகக் கைப்பேசி உறையில் சிறிய உலோகத் தகடு ஒட்டியிருந்தேன். ‘தகடு ஒட்டியது உங்கள் தவறு’ என்கிறார் பேடை ஆன்லைனில் விற்றவர். ‘வேறு நிறுவனத்தின் சார்ஜர், ஆகவே வாரண்டி கிடையாது’ என்கிறது கைப்பேசி நிறுவனம். இரண்டையும் பார்சலில் அனுப்பினால் பேடின் விலையை மட்டும் தருவதாக விற்பனையாளர் சொல்கிறார். அனுப்பலாமா?

பதில்: தயவுசெய்து அனுப்பாதீர்கள். கருகிய அந்த பேடுதான் உங்கள் முதல் சாட்சி. அதைக் கையைவிட்டு அனுப்பிவிட்டால், பிறகு எந்த நிபுணராலும் எதையும் சோதித்துச் சொல்ல முடியாது. மேலும், சேதமடைந்த லித்தியம் பேட்டரியை விமானத்தில் அனுப்பத் தடை இருக்கிறது. உப்பிய கைப்பேசியை அழுத்தவோ மீண்டும் சார்ஜ் செய்யவோ வேண்டாம். தீப்பற்றும் பொருள்களிலிருந்து தள்ளி வையுங்கள். வழக்கைவிட உங்கள் வீட்டாரின் பாதுகாப்பு முக்கியம். பேட், அடாப்டர், தகடு ஒட்டிய உறை, பெட்டி, கையேடு, ரசீது எல்லாவற்றையும் இருக்கிறபடியே படம் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள்.

இனி தகட்டுக்கு வருகிறேன். விற்பனையாளர் அதைத் தன் கேடயமாக நினைக்கிறார். எனக்கோ அது உங்கள் பக்கத்து வாதமாகவே தெரிகிறது. பேடிலுள்ள கம்பிச்சுருள் மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. இடையில் உலோகம் வந்தால் அதில் சுழல் மின்னோட்டம் எழுந்து சூடேறும். இது தயாரிப்பாளர்களுக்குத் தெரிந்த ஆபத்து. அதனால்தான் நிறுவனங்களின் கூட்டமைப்பான வயர்லெஸ் பவர் கன்சார்ட்டியம் வகுத்த ‘Qi’ (சீ) என்ற வயர்லெஸ் சார்ஜிங் தரத்தில் அந்நியப் பொருளைக் கண்டறியும் ஏற்பாடு இருக்கிறது: தனக்கு வந்து சேர்ந்த மின்திறன் எவ்வளவு என்று கைப்பேசி தெரிவிக்கும், தான் அனுப்பியதோடு பேட் அதை ஒப்பிடும், இடைவெளி அதிகமானால் நிறுத்திக்கொள்ள வேண்டும். உங்கள் பேட் இரவில் நிறுத்திக்கொள்ளவில்லை என்றால், அது ஏன் என்பதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் பேடைத் தயாரித்தவர்.

பெட்டியில் ‘Qi’ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அந்த மாடலைக் கன்சார்ட்டியத்தின் பொதுப் பட்டியலில் தேடுங்கள். பட்டியலில் இல்லாத பொருளில் முத்திரை மட்டும் இருந்தால், பொய்யான தரச்சான்று காட்டி விற்றார்கள் என்ற தனிக் குற்றச்சாட்டும் சேரும். தேடிய பக்கத்தைத் தேதியோடு சேமித்து வையுங்கள்.

நீங்கள் எந்த நாட்டில் வாங்கினீர்கள் என்று எழுதவில்லை. ஆனால் அடிப்படைக் கொள்கை பல நாடுகளிலும் ஒன்றுதான்: குறைபாடுள்ள பொருளால் சேதம் நேர்ந்தால், தயாரித்தவரின் அலட்சியத்தை வாங்கியவர் நிரூபிக்க வேண்டியதில்லை. குறைபாட்டையும், அதனால்தான் சேதம் வந்தது என்பதையும் காட்டினால் போதும். ஐரோப்பிய சமூகத்தின் 1985 ஆணை, பிரிட்டனின் 1987 சட்டம், இந்தியாவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 மூன்றும் இந்த வழியில் செல்பவை. இந்தியச் சட்டத்தின் 84ஆம் பிரிவு, உற்பத்திக் குறை, வடிவமைப்புக் குறை ஆகியவற்றோடு, போதிய எச்சரிக்கை தராததையும் தயாரிப்பாளரின் பொறுப்பாக்குகிறது. பொருளைத் தவறாகப் பயன்படுத்தினால் விற்பனையாளர் மீது வழக்கில்லை என்று 87ஆம் பிரிவு சொல்வது உண்மை. அந்த விலக்கு விற்பனையாளருக்குச் சொல்லப்பட்டது. ஆகவே அவரை மட்டும் எதிர்த்தரப்பாக்கிவிட்டு நிற்காதீர்கள். தயாரிப்பாளரையும், வெளிநாட்டுச் சரக்கானால் இறக்குமதி செய்தவரையும் சேருங்கள்.

கைப்பேசி நிறுவனத்தின் மறுப்பு எனக்கு நியாயமாகப் படவில்லை. பேட்டரியிலேயே குறை இருந்திருக்கலாம். சோதிக்காமலே சார்ஜரைக் காட்டிக் கதவை மூடுவது சரியல்ல. தங்கள் துணைக்கருவியைத்தான் வாங்க வேண்டும் என்று வாரண்டியில் நிபந்தனை போடுவதை அமெரிக்காவின் 1975ஆம் ஆண்டு வாரண்டிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. மற்ற நாடுகளில் வாரண்டி வாசகத்தைப் படித்தே வாதிட வேண்டும். மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் சொன்னது நாளை இல்லையென்று ஆகிவிடும்.

உங்கள் பலவீனத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். ‘உலோகத்தோடு வைக்காதீர்கள்’ என்று கையேட்டில் தெளிவாக அச்சிட்டிருந்தால் இழப்பீடு குறையலாம், சில இடங்களில் வழக்கே தள்ளாடலாம். கையேட்டில் சொன்னதற்குப் பொருந்தாத அடாப்டரைச் செருகியிருந்தாலும் அப்படித்தான்.

காலக்கெடுவை மறந்துவிடாதீர்கள். இந்தியாவில் நுகர்வோர் புகாருக்கு வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகள். பேடின் விலையைப் பெற்றுக்கொண்டு ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று கையெழுத்துப் போடாதீர்கள்; கைப்பேசிக்கான இழப்பீடும் அதோடு போய்விடும்.

கையேட்டின் எல்லாப் பக்கங்களையும், அடாப்டரின் அடியில் அச்சிட்ட எழுத்துகளையும் படம் எடுத்து அனுப்புங்கள். அவற்றைப் பார்த்த பிறகே வக்கீல் நோட்டீஸின் வாசகத்தை முடிவு செய்ய முடியும்.