இறைநம்பிக்கையும் உளவியலும் சேரும் ஆலோசனைப் படிப்பு: கேள்வி பதில்

அமெரிக்காவின் இறையியல் கல்லூரிகளிலும் கிறிஸ்தவப் பல்கலைக்கழகங்களிலும் நடைபெறும் முதுகலை ஆலோசனைப் படிப்புகள் குறித்து எங்கள் குழு உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, அங்கே பயிற்சி மாணவர்களை மேற்பார்வை செய்துவரும் மூத்த உறுப்பினர் அளித்த பதில்கள்.

கேள்வி (எம்.எஸ்சி. உளவியல் மாணவி, பாளையங்கோட்டை): ஐயா, 'கிறிஸ்தவ கவுன்சலிங்' என்ற பெயரில் அங்கே நடத்தப்படுவது உளவியல் படிப்பா, வேதாகமக் கல்லூரிப் படிப்பா?

ஒரே பெயரின் கீழ் மூன்று வகைப் படிப்புகள் நடப்பதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. முதல் வகை, தொழில் செய்ய மாநில அரசின் உரிமம் பெற்ற ஆலோசகராகவோ உளவியலாளராகவோ ஆவதற்கான முழுமையான தொழிற்படிப்பு; அதனோடு இறையியல் பாடங்களும் சேர்ந்திருக்கும். கலிஃபோர்னியாவில் பாசடீனா நகரிலுள்ள ஃபுல்லர் இறையியல் கல்லூரி 1965-இல் உளவியலுக்கெனத் தனிப் பள்ளியைத் தொடங்கியது இந்த வழியில்தான். இறையியல் கல்லூரிக்குள் நடக்கும் மருத்துவ உளவியல் முனைவர் படிப்புக்கு அமெரிக்க உளவியல் சங்கம் அங்கீகாரம் வழங்கியதும் முதலில் அங்கேதான். பின்னர் பயோலா பல்கலைக்கழகத்தோடு இணைந்த ரோஸ்மீட் பள்ளி 1973 முதல் இத்துறைக்கென ஓர் ஆய்விதழையே நடத்திவருகிறது.

இரண்டாவது வகை, 1970-இல் ஜே ஆடம்ஸ் என்ற அமெரிக்கப் போதகர் முன்வைத்த வாதத்தின் வழிவந்த 'வேதாகம ஆலோசனை'. உளவியலிடம் கடன் வாங்கத் தேவையில்லை, வேதமே போதும் என்பது அதன் தொடக்க நிலைப்பாடு. அதில் பட்டம் பெற்றால் பொதுவாக உரிமம் கிடைக்காது. மூன்றாவது வகை, மருத்துவமனையில் நோயாளிகளுக்கு ஆன்மிகத் துணை தரும் பணிக்கும் சபைப் பணிக்குமான போதகப் பராமரிப்புப் பயிற்சி. தாங்கள் உளவியல் மாணவி என்பதால் முதல் வகையைத்தான் தேட வேண்டும்.

கேள்வி (பொறியாளர், கோயம்புத்தூர்): இரண்டையும் எப்படி இணைக்கிறார்கள்? ஜெபம் பண்ணிவிட்டு ஃபிராய்டைப் படிப்பதா?

பல வகுப்புகள் ஜெபத்தோடு தொடங்குவது உண்மைதான். ஆனால் அதற்குப் பெயர் இணைப்பு அல்ல. செய்த பாவத்தையே திரும்பத் திரும்ப அறிக்கையிட்டு, 'கர்த்தர் என்னை நிஜமாகவே மன்னித்தாரா?' என்று நாள் தவறாமல் போதகருக்குப் போன் செய்துகொண்டேயிருக்கும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். சபையார் கண்ணுக்கு அது மிகுந்த பக்தியாகத் தெரியும். பயிற்சி பெற்றவர் அதில் ஓ.சி.டி. (வேண்டாத எண்ணங்களும் செயல்களும் கட்டுப்பாடின்றித் திரும்பத் திரும்ப வரும் மனநோய்) நோயின் ஒரு வடிவத்தை அடையாளம் காண்பார். போதகர் ஒவ்வொரு முறையும் 'மன்னித்துவிட்டார், கவலைப்படாதீர்கள்' என்று தேற்றத் தேற்ற, ஐயம் சற்று அடங்கி மறுபடி கூடுதல் வேகத்தோடு வரும். அந்தத் தேறுதலே நோய்க்குத் தீனியாகிவிடுகிறது. ஐயத்தை எதிர்கொண்டபடியே, மறுஅறிக்கை செய்யாமலும் யாரிடமும் உறுதி கேட்காமலும் பதற்றம் தானாகத் தணியும்வரை இருக்கப் பழக்குவதுதான் இதற்கான சிகிச்சை.

இப்போது இறையியல் எங்கே வருகிறது என்று பாருங்கள். பாவ அறிக்கையை நிறுத்தச் சொல்லும் சிகிச்சையாளர் தன் விசுவாசத்தையே கைவிடச் சொல்கிறார் என்று அந்த மனிதர் அஞ்சுவார். மனந்திரும்புதலுக்கும் இந்த நச்சரிப்புக்கும் உள்ள வேறுபாட்டை அவருடைய சபை மரபின் சொற்களிலேயே விளக்கத் தெரிந்தவரால்தான் அவரைச் சிகிச்சையில் தக்கவைக்க முடியும். மார்ட்டின் லூத்தர் துறவியாக இருந்த நாட்களில் மணிக்கணக்கில் பாவசங்கீர்த்தனம் செய்து, கேட்கும் குருவையே களைக்க வைத்தார் என்பது திருச்சபை வரலாறு அறிந்த செய்தி. என் மாணவர்கள் இந்தப் பகுதியைப் படிக்கும்போது லூத்தரையும் சேர்த்துப் படிக்கச் சொல்வதுண்டு.

கேள்வி (பள்ளி ஆசிரியை, நாகர்கோவில்): படிப்பின் அளவு என்ன? நேரடிப் பயிற்சி எவ்வளவு?

'கேக்ரெப்' எனப்படும் ஆலோசனைக் கல்வி அங்கீகார அமைப்பின் தரத்தில், மனநல ஆலோசனை முதுகலைக்கு 60 செமஸ்டர் கிரெடிட் (பாட அளவைக் கணக்கிடும் அலகு) வேண்டும். முதலில் 100 மணி நேர பிராக்டிகம் (தொடக்கநிலைச் செயல்முறைப் பயிற்சி), அதில் 40 மணி நேரமாவது நேரடியாக ஆலோசனை வழங்க வேண்டும். பிறகு 600 மணி நேர இன்டர்ன்ஷிப், அதில் 240 மணி நேரம் நேரடிப் பணி. பட்டத்துக்குப் பின்னும் மேற்பார்வையில் பணி தொடரும். கலிஃபோர்னியாவில் உரிமத்துக்கு 3,000 மணி நேரம் கேட்கிறார்கள். ஏட்டுப் படிப்பைவிட இந்த மணி நேரங்களில்தான் ஒருவர் ஆலோசகராகிறார் என்பது என் கருத்து.

கேள்வி (மனநல மருத்துவர், சென்னை): சமயம் கலந்த சிகிச்சை கூடுதலாகப் பயன் தருகிறது என்பதற்குச் சான்று உண்டா?

உண்டு, ஆனால் விளம்பரங்களில் சொல்லப்படும் அளவுக்கு இல்லை. 1992-இல் ரெபெக்கா ப்ராப்ஸ்ட் குழுவினர் மனச்சோர்வுற்ற, சமயப் பற்றுள்ள 59 பேரிடம் நடத்திய ஆய்வில், சமயக் கருத்துகளைச் சேர்த்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் முறை) நல்ல பலன் தந்தது. அந்த முறையைக் கையாண்டவர்களில் சிறப்பாகச் செய்தவர்கள் சமயப் பற்றில்லாத சிகிச்சையாளர்கள் என்பதுதான் அனைவரையும் வியக்க வைத்தது. 2015-இல் ஹரால்ட் கோனிக் குழுவினர் நாட்பட்ட உடல்நோயும் மனச்சோர்வும் சேர்ந்திருந்த 132 பேரிடம் சமயம் சேர்த்த முறையையும் சேர்க்காத வழக்கமான முறையையும் ஒப்பிட்டபோது மொத்தத்தில் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. சிகிச்சை, வருபவரின் நம்பிக்கையோடு பொருந்துவதுதான் முக்கியம், தருபவரின் நம்பிக்கை அல்ல என்று நான் இவற்றைப் புரிந்துகொள்கிறேன். 'எங்கள் முறையே மேலானது' என்று அறிவிக்கும் நிறுவனத்தைக் கண்டால் ஒதுங்கிவிடுவேன்.

கேள்வி (இறையியல் மாணவர், மதுரை): எங்களுக்கு சி.பி.இ. எனும் மருத்துவமனைக் களப் பயிற்சி உண்டு. அதில் 'வெர்பேட்டிம்' (நோயாளியோடு பேசியதைச் சொல்லுக்குச் சொல் எழுதும் பதிவு) எழுதச் சொல்லித் துன்புறுத்துகிறார்கள். அதனால் என்ன பயன், ஐயா?

தம்பி, துன்பம் எனக்கும் தெரியும்! சி.பி.இ. 1925-இல் மாசசூசெட்ஸின் வூஸ்டர் அரசு மனநல மருத்துவமனையில் ஆண்டன் பாய்சன் சில இறையியல் மாணவர்களை வைத்துத் தொடங்கியது. அவரே சில ஆண்டுகளுக்கு முன் மனநோயாளியாக வேறொரு மருத்துவமனையில் இருந்தவர். நோயாளியை 'உயிருள்ள மனித ஆவணமாக' வாசிக்க வேண்டும் என்றார் அவர்.

ஒரு வெர்பேட்டிமில் என்ன தெரியும் என்று சொல்கிறேன். நோயாளி, 'நான் யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யலையே, எனக்கு ஏன் இப்படி?' என்கிறார். மாணவர் உடனே, 'சகலமும் நன்மைக்கேதுவாக நடக்கிறது என்று வேதம் சொல்கிறதே' என்கிறார். நோயாளி, 'ஆமாங்க ஐயா' என்று சொல்லிச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறார். உரையாடல் நடந்தபோது மாணவருக்கு அது ஆறுதலாகவே பட்டிருக்கும். எழுதிவைத்துக் குழுவில் வாசிக்கும்போதுதான், அந்த 'ஆமாங்க ஐயா' கதவைச் சாத்திய பதில் என்பதும், வசனம் வந்தது நோயாளியின் தேவைக்காக அல்ல, அந்தக் கேள்வியைத் தாங்க முடியாத தன் பதற்றத்துக்காக என்பதும் அவருக்கே விளங்கும். வசனத்தில் தவறில்லை, அதைச் சொன்ன நேரம் தவறு. சி.பி.இ.யின் ஒரு யூனிட் 400 மணி நேரம் நீள்வது, இதைப் பல முறை பார்த்தால்தான் பழக்கம் மாறும் என்பதால்.

கேள்வி (பட்டதாரி இளைஞர், திருச்சி): நான் இந்து. சேர முடியுமா?

நிறுவனத்தைப் பொறுத்தது. சில இடங்களில், கிறிஸ்தவ நம்பிக்கைகளை ஏற்பதாகச் சொல்லும் விசுவாச அறிக்கையில் கையெழுத்துக் கேட்பார்கள். விண்ணப்பிக்குமுன் அதைப் படித்துவிடுங்கள்.

கேள்வி (கவுன்சலர், பெங்களூரு): தன் நம்பிக்கைக்கு ஒவ்வாத வாழ்க்கை முறையுள்ளவர் வந்தால், கிறிஸ்தவ மாணவர் அவரை வேறொருவரிடம் அனுப்பிவிடலாமா?

இந்தக் கேள்வி அமெரிக்க நீதிமன்றம் வரை போனது. கிழக்கு மிச்சிகன் பல்கலைக்கழக மாணவி ஒருவர், தற்பால் உறவில் இருந்தவருக்குத் தன்னால் ஆலோசனை தர இயலாது, வேறொருவரிடம் அனுப்புங்கள் என்று கேட்டதற்காக 2009-இல் நீக்கப்பட்டார். 2012-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் வழக்கு விசாரிக்கத்தக்கது என்றது, பின்னர் சமரசமாக முடிந்தது. அகஸ்டா மாநிலப் பல்கலைக்கழகத்தின் இதே போன்ற மற்றொரு வழக்கில் 2011-இல் பல்கலைக்கழகத்துக்குச் சாதகமான தீர்ப்பு வந்தது. அமெரிக்க ஆலோசனைச் சங்கத்தின் 2014 நெறிமுறை, ஆலோசகரின் சொந்த மதிப்பீடுகளை மட்டும் காரணமாக்கி ஒருவரை வேறிடம் அனுப்பக் கூடாது என்று தெளிவாகவே கூறுகிறது. திறமைக் குறைவு என்பது நியாயமான காரணம். பிடிக்கவில்லை என்பது காரணமாகாது. இதை ஏற்க முடியாதவர் உரிமம் தேவைப்படும் பணிக்கு வராமல் சபைப் பணியில் இருப்பது நேர்மை.

கேள்வி (சேகர குருவானவர், திருநெல்வேலி மாவட்டம்): கணவன் அடிக்கிறான் என்று அழுதுகொண்டு வரும் பெண்களுக்கு நாங்கள் மன்னிப்பைத்தான் போதிக்கிறோம். தவறா?

ஐயரே, மன்னிப்பு வேறு, ஒப்புரவு (உறவில் மீண்டும் இணைவது) வேறு என்பது இத்துறையில் முதலிலேயே கற்பிக்கப்படும் பாடம். மன்னிப்பு ஆய்வில் பெயர்பெற்ற எவரெட் வொர்திங்டனும் இந்த வேறுபாட்டை வலியுறுத்துகிறார். மன்னிப்பு ஒருவர் தன் உள்ளத்தில் செய்வது. ஒப்புரவுக்கு இருவரும் வேண்டும், மற்றவர் நம்பத்தக்கவராக மாறியிருக்கவும் வேண்டும். அடி நிற்காத வீட்டுக்கு மன்னிப்பின் பெயரால் ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்பினால், அடுத்த அடிக்கு நாமும் பொறுப்பாளிகள். முதலில் அவருக்குப் பாதுகாப்பான இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி பாதுகாப்பு அலுவலரை அணுகலாம் என்று சொல்லுங்கள். கணவனையும் மனைவியையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசுவதைத் தவிருங்கள். அவன் எதிரில் அவர் உண்மையைச் சொல்ல மாட்டார், சொன்னால் வீட்டில் அதற்கும் அடி விழும். குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடப்பதாகத் தெரியவந்தால், போக்ஸோ எனும் குழந்தைகள் பாதுகாப்புச் சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். இரகசியம் காப்பது அங்கே குற்றம்.

கேள்வி (முதல் கேள்வி கேட்ட மாணவி): அங்கே படித்துத் திரும்பினால் இங்கே பணி செய்யலாமா? விண்ணப்பிக்குமுன் எதைக் கேட்க வேண்டும்?

அமெரிக்க உரிமம் இங்கே தானாகச் செல்லுபடியாகாது. 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' என்று பணியாற்ற இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு வேண்டும். இங்கேயே இருக்க விரும்பினால், வேலூர் கிறிஸ்தவ ஆலோசனை மையத்தின் பயிற்சிகளையும் பாருங்கள். வெளிநாடு போவதானால், கல்லூரிக்கு எழுதும் முதல் மின்னஞ்சலிலேயே அங்கீகாரம் எந்த அமைப்பினுடையது, எந்த மாநில உரிமத்துக்கு அந்தப் பட்டம் ஏற்கப்படுகிறது, பயிற்சி இடங்களைக் கல்லூரி ஏற்பாடு செய்கிறதா அல்லது மாணவரே தேட வேண்டுமா என்பவற்றைக் கேளுங்கள். கல்லூரியின் கொள்கைப் பிரகடனங்களை இணையதளத்தில் படித்துக்கொள்ளலாம். மேலே சொன்ன கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வராத இடத்துக்குக் கட்டணம் கட்டாதீர்கள்.