வாசகர் கேள்வி: ஊருக்கு ஊரு ஈந்து

கேள்வி: மதனகாமப்பூன்னும் ஈந்துன்னும் சொல்ற சைகஸ் செடிய ஒவ்வொரு ஊர்ல இருந்தும் ஒண்ணொண்ணு வாங்கி தோட்டத்துல வச்சா, அழியாம காப்பாத்துன மாதிரி ஆகுமா?

பதில்: ஆசை நல்லதுதான், ஆனா ஊருக்கு ஒண்ணுன்னா பத்தாது. இதுல ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. தென்னாப்பிரிக்காவுல 1895-ல கண்டுபிடிச்ச, இதோட சொந்தக்கார மரமான வுட்ஸ் சைகட் கதைய பாருங்க, கிடைச்சது ஒரே ஒரு ஆண் மரம், இன்னிக்கு உலகம் பூரா இருக்கறது எல்லாம் அதோட பக்கக்கன்னுதான், ஜோடியே கிடையாது. அதனால ஒரே ஊர்லயே பல தாய் மரத்து விதையில வந்த கன்னுங்க வேணும், எந்த மலை எந்த மரம்னு நோட்ல எழுதியும் வைக்கணும், இல்லன்னா அது வெறும் அழகுச்செடி. விதைய நெல்லு மாதிரி காயவச்சு வருஷக்கணக்கா சேமிக்கவும் முடியாது, உயிரோட வளத்தாதான் உண்டு. பல ரகம் பக்கத்துல பக்கத்துல இருந்தா கலந்துடும், அந்த விதைய 'அசல்'னு யாருக்கும் குடுத்துடாதீங்க.

காட்டுல இருந்து மட்டும் பிடுங்காதீங்க. ஆந்திராவுல திருப்பதி, கடப்பா மலைப்பக்கம் மட்டுமே இருக்குற பெட்டோமிங்கிற சைகஸ் ரகம், அழியுற உயிரினங்கள நாடு விட்டு நாடு விக்குறத கட்டுப்படுத்துற சைட்டிஸ் ஒப்பந்தத்தோட முதல் பட்டியல்லயே இருக்கு, மருந்துக்குன்னு அதோட ஆண் மரத்துல பூ மாதிரி வர்ற கூம்ப வெட்டி வெட்டியே பாதி பிரச்சனை.

கேள்வி: விதைய சாப்பிடலாமா?

பதில்: மலபார்ல பக்குவம் பண்ணி மாவாக்கி சாப்பிடுறாங்க. பச்சையா விஷம், வீட்ல நாய் இருந்தா கீழ விழுந்த விதைய உடனே பொறுக்கிடுங்க.