இருட்டில் கண் பழக ஏன் அரை மணி நேரம்? (கேள்வி பதில்)

காசிமேட்டிலிருந்து: சார், ராத்திரி போட்ல செல்போன் பாத்துட்டு தலை தூக்குனா கொஞ்ச நேரம் ஒண்ணுமே தெரியல. பக்கத்துல இருக்கிறவனுக்கு தூரத்து போட் லைட்டு தெரியுது. கண்ணு கோளாறா?

கோளாறு இல்லை தம்பி, ரசாயனம். இரவுப் பார்வை, விழித்திரையிலுள்ள குச்சி செல்களின் வேலை. அவற்றிலுள்ள ரொடாப்சின் நிறமியில், வைட்டமின் ஏ-யிலிருந்து வரும் ரெட்டினால் வளைந்து உட்கார்ந்திருக்கும். ஒளி பட்டதும் அது நிமிரும். நிமிர ஒரு நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்குகூட ஆகாது. மறுபடி வளையத்தான் தாமதம்: செல்லை விட்டு வெளியேறி, பின்னாலுள்ள நிறமிப் படலத்துக்குப் போய்ச் சரியாகித் திரும்ப வேண்டும். பளிச்சென்ற வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு வந்தால், பகலிலும் நிறத்துக்கும் உதவும் கூம்பு செல்கள் 10 நிமிடத்துக்குள் தேறிவிடும். குச்சி செல்கள் முழுதாகத் தேற 30 முதல் 40 நிமிடம். போனை எட்டிப் பார்த்ததற்கு அவ்வளவு ஆகாது, சில நிமிடம்தான்.

போனைப் பார்த்தே ஆகவேண்டுமென்றால் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். இரண்டு கண்ணும் தனித்தனியாகப் பழகுவதால் மூடிய கண் கெடாது. டார்ச்சுக்கு மங்கலான சிவப்பு விளக்கு நல்லது. குச்சி செல்லுக்கு அடர்சிவப்பு ஏறக்குறைய தெரியாது. மங்கலான விளக்கைத் தேடும்போது நேராக முறைக்காதீர்கள், சற்று ஓரமாகப் பாருங்கள். விழித்திரையின் நட்டநடுவில் குச்சி செல்லே கிடையாது.

தண்டையார்பேட்டை, பிளஸ் டூ மாணவி: வெளிச்சம் பட்டா செல் "ஆன்" ஆகும்னு நெனச்சேன். மிஸ் தலைகீழ்னு சொல்றாங்க. எப்படி?

மிஸ் சொல்வதுதான் சரி. இருட்டில் குச்சி செல்லின் வாயில்கள் திறந்திருக்கும்; தெருக்குழாயை மூடாமல் விட்டதுபோல சோடியம் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். மின்னழுத்தம் சுமார் -40 மில்லிவோல்ட். அடுத்த செல்லுக்குச் செய்தி சொல்லும் ரசாயனமான குளுட்டமேட் விடாமல் கசியும். ஒளி பட்டால் ரொடாப்சின், டிரான்ஸ்டியூசின் என்ற புரதத்தைத் தூண்டும், அது ஒரு நொதியைத் தூண்டும், அந்த நொதி வாயிலைத் திறந்து பிடித்திருந்த சைக்ளிக் ஜிஎம்பி என்ற சிறு மூலக்கூறை உடைக்கும். வாயில் மூடும். அழுத்தம் -70 பக்கம் இறங்கும், குளுட்டமேட் குறையும். அந்தக் குறைவுதான் செய்தி.

தேர்வில் பலர் தவறும் இடம்: குச்சியும் கூம்பும் நரம்புத் துடிப்பு அனுப்புவதில்லை. அதைச் செய்வது விழித்திரையின் கடைசி வரிசையிலுள்ள கேங்கிலியான் செல்கள். சுமார் 10 கோடி குச்சி செல்களின் செய்தி, 10 லட்சம் சொச்சம் நரம்பு இழைகளில் சுருங்கி மூளைக்குப் போகிறது. இரவில் எழுத்து மங்கித் தெரிய அந்தச் சுருக்கலும் ஒரு காரணம். ஆனால் கூர்மை போனாலும் உணர்வு அபாரம்: 5 முதல் 7 ஒளித்துகளை உறிஞ்சினாலே மனிதருக்கு ஒளி தெரியும் என்று 1942-லேயே அளந்துவிட்டார்கள்.

வியாசர்பாடி, ஒரு தாய்: மூணு வயசுப் பையன் விளக்கு வைக்கிற நேரத்துல தடுக்கித் தடுக்கி விழறான். கேரட் குடுத்தா சரியாயிடுமா?

கேரட்டை நம்பி நாள் கடத்தாதீர்கள் அம்மா. இது மாலைக்கண்ணாக இருக்கலாம். வைட்டமின் ஏ தீர்ந்தால் ரொடாப்சின் ஊறாது. வெள்ளை விழியில் நுரைபோல சாம்பல் திட்டு, வறட்சி, கருவிழியில் மங்கல் தெரிந்தால் அன்றைக்கே காட்டுங்கள். தடுப்பூசி அட்டையையும் பாருங்கள்: 9 மாதத்தில் 1 லட்சம் யூனிட், பிறகு 5 வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை 2 லட்சம். விட்டுப்போயிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். மாத்திரை வாங்கி நீங்களே கொடுக்க வேண்டாம், மிஞ்சினால் ஈரல் கெடும். சாப்பாட்டில் முட்டை, ஈரல், எண்ணெய் விட்ட முருங்கைக்கீரை சேருங்கள். எண்ணெய் இல்லாவிட்டால் கீரையின் சத்து சரியாக ஏறாது.

வைட்டமின் கொடுத்தும் மாறாமல், சொந்தத்தில் கல்யாணம் செய்த குடும்பமாகவும் இருந்தால், குச்சி செல்கள் மெல்ல அழியும் பரம்பரை நோயா என்று பார்க்க வேண்டும். 1819-ல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

மணலி, வெல்டிங் பட்டறை: ராத்திரி கண்ணுல மண்ணு கொட்டுன மாதிரி உறுத்துது. ரெட்டினா போயிடுச்சா?

பெரும்பாலும் இல்லை. புற ஊதாக் கதிர் கருவிழியின் மேல்தோலைச் சுட்டிருக்கும், அதனால்தான் 6 முதல் 12 மணி நேரம் கழித்து வலி. ஓரிரு நாளில் ஆறும். மரத்துப்போகும் சொட்டு மருந்தை வாங்கி ஊற்றினால் ஆறுவது தள்ளிப்போகும், தாய்ப்பாலும் வேண்டாம். ஆனால் பார்வையின் நடுவே கரும்புள்ளி நின்றால் அது விழித்திரை (ரெட்டினா) பாதிப்பு, உடனே டாக்டரிடம் போங்கள். வேலைக்கு 10 முதல் 12 ஷேடு (கருமை எண்) வெல்டிங் கண்ணாடி. கூலிங் கிளாஸ் போதாது.