Re: பிளேர் பள்ளி எல்லைக்குள் வீடு எடுத்தால் மேக்னட் கிடைக்குமா?

கிடைக்காதுங்க. அமெரிக்காவின் மேரிலாந்தில், சில்வர் ஸ்பிரிங்கில் அந்த எல்லைக்குள் வீடு எடுத்தால் பையனுக்கு மான்ட்கோமரி பிளேர் உயர்நிலைப் பள்ளியில் சாதாரணச் சேர்க்கை உறுதி, அவ்வளவுதான். கணிதம், அறிவியல், கணினி மூன்றையும் சேர்த்து நடத்தும் மேக்னட் 1985-இல் அங்கே தொடங்கிய தனித் திட்டம், எட்டாம் வகுப்பிலேயே விண்ணப்பித்துத் தேர்வாக வேண்டும், பள்ளிக்குப் பக்கத்துத் தெருவில் இருப்பவனுக்கும் அதே வழிதான். வாடகை ஏஜென்ட் "மேக்னட் ஸ்கூல் ஏரியா" என்று சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

மேக்னட் பிள்ளைகளுக்குத் தனிக் கட்டடம் என்று ஒன்றும் கிடையாது. ஆங்கிலம், வரலாறு, உடற்பயிற்சி எல்லாம் மற்றவர்களோடுதான். பள்ளியும் சின்னதில்லை, 3,000 பேருக்கு மேல் படிக்கிறார்கள். 1925-இல் டகோமா-சில்வர் ஸ்பிரிங் என்ற பெயரில் தொடங்கி, லிங்கன் அமைச்சரவையில் தபால்துறையைப் பார்த்த மான்ட்கோமரி பிளேரின் பெயரைப் பிறகு சூட்டினார்கள், இப்போதுள்ள கட்டடத்துக்கு மாறியது 1998-இல்.

பையன் எழுத்து, இதழியல் பக்கம் சாய்வான் என்றால் அங்கேயே கம்யூனிகேஷன் ஆர்ட்ஸ் என்ற திட்டம் இருக்கிறது, சில்வர் சிப்ஸ் என்ற மாணவர் செய்தித்தாளும் உண்டு. ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலாரியேட் என்ற பன்னாட்டுப் பாடத்திட்டம்) வேண்டுமென்றால் ராக்வில்லில் ரிச்சர்ட் மான்ட்கோமரி பள்ளியைப் பாருங்கள்.

விண்ணப்பம் இலையுதிர் காலத்திலேயே முடிந்துவிடும், அதனால் வீட்டைவிட முதலில் பள்ளி மாவட்டத்தின் இணையதளத்தில் இந்த ஆண்டுக் கடைசித் தேதியைப் பாருங்கள். அப்புறம், எந்த அரசுப் பள்ளியானாலும் மேரிலாந்தில் பள்ளிப் படிப்பை முடித்து டிப்ளமா வாங்க 75 மணி நேரச் சமூக சேவை கட்டாயம், அதைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை தள்ளிப்போட விடாதீர்கள்.