பூனைக்குத் திட்டுத் திட்டாக முடி கொட்டுவது ஏன்? வேப்பெண்ணெய் தடவலாமா?

தடவ வேண்டாம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், மீதியை ஆற அமரப் படித்துக்கொள்ளலாம். பூனை தன் உடம்பில் படும் எதையும் நக்கி விழுங்கிவிடும். வேப்பெண்ணெய், கற்பூரம் போட்ட தேங்காய் எண்ணெய், டெட்டால், மண்ணெண்ணெய் என்று ஆளாளுக்குச் சொல்லும் எல்லாம் கடைசியில் அதன் வயிற்றுக்குள்தான் போகும். இப்படிப்பட்ட பல பொருள்களைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. "எங்கள் பாட்டி காலத்தில் தடவினோமே, ஒன்றும் ஆகவில்லையே" என்று கீழே எழுத வருகிறவர்களுக்கு: பாட்டி காலத்தில் செத்த பூனைகளை யாரும் கணக்கெடுக்கவில்லை.

நீங்கள் அநேகமாகத் தெருவில் கத்திக்கொண்டிருந்த குட்டியைத் தூக்கிவந்து வளர்க்கிறீர்கள். வீட்டில் ஒருவர் "கொண்டுபோய் விட்டுவிட்டு வா" என்று காலையும் மாலையும் சொல்லிக்கொண்டிருக்கிறார். இல்லையென்றால் கேள்வியில் இவ்வளவு அவசரம் இருந்திருக்காது. எனக்கு இந்த அவசரம் தெரியும்.

எங்கள் வீட்டுப் பூனை மிளகுக்கு முடி போனது வாலின் அடியிலும் பின்னந்தொடையின் உட்பக்கத்திலும். அந்த நேரம் பார்த்து என் மகனின் கையில் ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு சிவந்த வட்டம் வந்தது. ஓரம் தடித்து, நடுவில் தோல் தெளிந்திருந்தது. இதைவிடச் சாட்சி வேண்டுமா? பூனை முடி உள்ளே போனால் ஈளை வரும் என்று ஆரம்பத்திலிருந்தே சொல்லிவந்த மாமியார், படர்தாமரையையும் அதன் கணக்கில் எழுதிவிட்டார். மீன் சந்தைப் பக்கம் விட்டால் பிழைத்துக்கொள்ளும் என்று இடம்கூடப் பார்த்து வைத்தாயிற்று.

அவர் சந்தேகப்பட்டதில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். பூனைக்குப் படர்தாமரை வருவது உண்மை. பெரும்பாலும் மைக்ரோஸ்போரம் கேனிஸ் என்ற பூஞ்சைதான் காரணம். அது மனிதருக்கும் தொற்றும். குட்டிகளுக்கும் பாரசீகப் பூனை போன்ற நீள முடிக்காரர்களுக்கும் அதிகம் வரும். உதிர்ந்த முடியில் ஒட்டியிருக்கும் அதன் வித்துகள் ஒரு வருடத்துக்கு மேலும் உயிரோடிருக்கும். ஆனால் சந்தேகம் வேறு, தீர்ப்பு வேறு. கூடையில் போட்டு மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போனேன்.

அவர் வழுக்கை விழுந்த இடத்தை எதிர்த்திசையில் விரலால் தடவிப் பார்த்தார். என்னையும் தடவிப் பார்க்கச் சொன்னார். மழமழவென்று இருக்கும் என்று நினைத்தேன். சவரம் செய்த மறுநாள் கன்னம்போல் சுரசுரவென்று இருந்தது. ஓரத்திலிருந்து சில முடிகளைப் பிடுங்கி நுண்ணோக்கியில் வைத்தார். தானாக உதிரும் முடியின் நுனி கூராக மெலிந்திருக்கும். மிளகின் முடிகள் எல்லாம் நுனி ஒடிந்து பிசிறு பிசிறாக இருந்தன. "முடி கொட்டவில்லையம்மா, இது நக்கியே அறுத்திருக்கிறது" என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. நாள் முழுக்க வீட்டில் இருக்கிறேன், அப்படி நக்கி நான் பார்த்ததே இல்லை என்றேன். பல பூனைகள் ஆள் இல்லாத இடத்தில்தான் நக்கும் என்றார்.

பிறகு பேன் சீப்பால் வாலடியை வாரி, சீப்பில் வந்த கறுப்புத் துகளை ஈரப் பஞ்சில் தட்டினார். சற்று நேரத்தில் ஒவ்வொரு துகளைச் சுற்றியும் செம்பழுப்பு நிறம் ஊறிப் பரவியது. மண்ணாக இருந்தால் அப்படிக் கரையாது. தெள்ளுப்பூச்சி உறிஞ்சிய இரத்தம், செரித்து எச்சமாக விழுந்தது. வாசற்படி தாண்டாத பூனைக்குத் தெள்ளு எப்படி என்று கேட்டேன். நம் கால்சட்டையில் ஏறி வரும், எலியோடு வரும், பக்கத்து வீட்டு நாயோடு வரும். ஒவ்வாமை உள்ள பூனைக்குச் சில கடிகளே போதும், நாள்கணக்கில் அரிக்கும். நக்கும்போது தெள்ளையும் சேர்த்தே விழுங்கிவிடுவதால் உடம்பில் தேடினால் ஒன்றுகூட அகப்படாமல் போகலாம்.

படர்தாமரை இல்லையே என்று விடாமல் கேட்டதால் இருட்டறையில் ஊதா விளக்கைக் காட்டினார். மைக்ரோஸ்போரம் கேனிஸ் பிடித்த முடி அதில் ஆப்பிள் பச்சையாக ஒளிரும். ஒளிரவில்லை. ஒளிராததாலேயே நோய் இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது என்று, புதிய பல்துலக்கியால் உடம்பெல்லாம் தேய்த்து எடுத்து, பூஞ்சை வளர்கிறதா என்று பார்க்கும் வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பினார். அதன் முடிவு வரச் சில வாரங்கள் பிடிக்கும். வந்தபோது பூஞ்சை இல்லை.

அதற்குள் தோல் மருத்துவரிடம் மகனைக் காட்டியிருந்தோம். "வீட்டில் வேறு யாருக்காவது இருக்கிறதா?" என்பது அவரது முதல் கேள்வி. கூட வந்திருந்த கொழுந்தன் தலையைக் குனிந்துகொண்டார். தொடை இடுக்கில் மாதக்கணக்காக வைத்திருக்கிறார். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய களிம்பைத் தடவி வந்திருக்கிறார். துடைத்த துண்டு பொதுக் கொடியில்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். ஸ்டீராய்டும் பூஞ்சைக்கொல்லியும் கலந்த களிம்புகளை மருந்துச் சீட்டு இல்லாமல் மிட்டாய்போல் விற்கிறார்கள். தடவியதும் அரிப்பு அடங்கும், சிவப்பு மங்கும், ஆள் குணமாகிவிட்டதாக நினைப்பார். ஸ்டீராய்டு அந்த இடத்தின் எதிர்ப்பைத்தான் அடக்குகிறது. பூஞ்சை உள்ளே பரவிக்கொண்டே இருக்கும். விட்டால் இரண்டு மடங்காகத் திரும்பிவரும், தோலும் மெலிந்துபோகும். நாடு முழுவதும் தீராத படர்தாமரை பெருகியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று தோல் மருத்துவர்கள் வருடக்கணக்கில் கத்திக்கொண்டிருக்கிறார்கள். நாங்களோ பூனையை நாடுகடத்தப் பார்த்தோம். மாமியார் இதுவரை கொழுந்தனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது போகட்டும்.

மிளகுக்குப் பிடரியில் மாதம் ஒரு முறை விடும் சொட்டு மருந்தைக் கால்நடை மருத்துவர் கொடுத்தார். பூனைக்கு மட்டும் போதாது. தெள்ளின் முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவும் பாயிலும் தரை விரிசலிலும் மெத்தை மடிப்பிலும்தான் கிடக்கின்றன. ஆகவே படுக்கை விரிப்பையெல்லாம் வெந்நீரில் அலசி, மூலைமுடுக்கெல்லாம் பெருக்கித் தள்ளினேன். முடி மெல்லத்தான் வந்தது. ஒரு எச்சரிக்கை: நாய்க்கு விற்கும் சொட்டு மருந்தைப் "பாதி விட்டால் சரியாகும்" என்று பூனைக்கு விடாதீர்கள். அவற்றில் சிலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கிறது; பூனைக்கு நடுக்கமும் வலிப்பும் வந்து உயிரே போகும்.

உங்கள் பூனைக்கும் தெள்ளுதான் என்று நான் சொல்லவில்லை. நான் கால்நடை மருத்துவர் இல்லை. எந்த இடத்தில் முடி போகிறது என்று நீங்கள் எழுதவில்லை, அதுதான் முக்கியம். காது ஓரத்திலும் முகத்திலும் பொருக்குத் தட்டி ஓயாமல் சொறிந்தால் சொறிப் பூச்சியாக இருக்கலாம், மற்றப் பூனைகளுக்கும் ஒட்டும். தலையும் கழுத்தும் புண்ணாகும் அளவுக்குச் சொறிந்தால் உணவு ஒவ்வாமையையும் யோசிப்பார்கள். அதற்கு எட்டு வாரமாவது வேறு உணவு மட்டும் கொடுத்துப் பார்க்க வேண்டும், இடையில் ஒரு துண்டு கருவாடு கொடுத்தாலும் எல்லாம் வீண். கண்ணுக்கும் காதுக்கும் இடையில் முடி மெலிந்திருப்பது பல பூனைகளுக்கு இயல்பு, அதற்குப் பயப்பட வேண்டாம். ஊசி போட்ட இடத்தில் சின்ன வட்டமாக முடி போவதும் உண்டு.

வயிறு மட்டும் வழுக்கையானால் "மன அழுத்தம்" என்று இணையத்தில் எல்லோரும் சொல்வார்கள். அதை உடனே நம்பாதீர்கள். 2006இல் வெளியான ஓர் ஆய்வில், மன அழுத்தத்தால் நக்குவதாகக் கருதப்பட்ட 21 பூனைகளை முழுதாகச் சோதித்தார்கள். 16 பூனைகளுக்கு அரிப்பு தரும் உடல்நோய்தான் இருந்தது. வெறும் மனக்காரணம் இரண்டே பூனைகளுக்கு. சிறுநீர்ப்பை வலித்தாலும் பூனை அடிவயிற்றை நக்கும். அதோடு அடிக்கடி மணலுக்குப் போய் முக்கியும் சிறுநீர் வராமல் இருந்தால், ஆண் பூனையாக இருந்தால் இன்னும் முக்கியமாக, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

மற்றபடி நாளைக்கே காட்டினால் போதும். போகுமுன் குளிப்பாட்டாதீர்கள்; அந்தக் கறுப்புத் துகள் கரைந்துபோனால் மருத்துவர் எதைப் பார்ப்பார்?