சேவ் பண்ணிட்டீங்களா? – வாசகர் கேள்வி பதில்

கோத்தகிரி டானிங்டன் பக்கம் 2003 முதல் 2014 வரை பிரவுசிங் சென்டர் நடத்தினேன். இப்போது அதே கடையில் கம்ப்யூட்டர் ரிப்பேர். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கேம்களின் கஷ்டத்தைப் பற்றியே இருந்தன. அதனால் முதல் பதில் கொஞ்சம் நீளம்.

ஹாஸ்டலில் எல்லோரும் ‘ஹார்டு’ மோடில் ஆடுகிறார்கள். நான் ‘ஈஸி’யில் முடித்தால், "அதெல்லாம் முடிச்ச கணக்குல வராது" என்கிறார்கள். நான் ஏமாற்றுகிறேனா?
– கல்லூரி மாணவர், ஊட்டி

இல்லை. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

அப்பாவுக்கு 73 வயது. தேயிலை ஃபேக்டரியில் 31 வருஷம் வேலை பார்த்தவர். 1991-ல் இலையை நசுக்கி வெட்டும் சி.டி.சி. மிஷினில் சிக்கி வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் போய்விட்டன. போன ஐப்பசி மழையில் கடைக்கு ஆள் வராத நாட்களில் நான் ‘செலஸ்ட்’ ஆடிக்கொண்டிருந்தேன். 2018-ல் வந்த கேம். மேடலின் என்ற பெண் ஒரு மலையில் ஏறுகிறாள். குதிக்கலாம், சுவரைப் பிடிக்கலாம், அந்தரத்தில் ஒருமுறை பாயலாம், அவ்வளவுதான். அப்பா பக்கத்தில் நாற்காலி போட்டு மூன்று நாள் பார்த்தார். நாலாம் நாள், "நகருடா, நான் ஏறிப் பார்க்கிறேன்" என்றார்.

அந்த கேமுக்குக் கீபோர்டில் அம்புக்குறி கீகள். இடக் கீயில் ஆள்காட்டி விரல், மேலுக்கும் கீழுக்கும் நடுவிரல், வலக் கீயில் மோதிர விரல் என்று நம் கை தன்னாலேயே உட்காரும். அப்பாவுக்கு அந்த மூன்றாவது விரல் இல்லை. நேராகப் பாய்வது சீக்கிரமே வந்துவிட்டது. வலப்பக்கம் சாய்வாக மேலே பாய்வதற்கு மேல் கீயும் வலக் கீயும் சேர்ந்து அமுங்க வேண்டும். அவர் கையையே ஒரு கீ தள்ளி வைத்து, ஆள்காட்டி விரலை மேலேயும் நடுவிரலை வலப்பக்கமும் கொண்டுபோவதற்குள் மேடலின் முள்ளில் விழுந்திருப்பாள். எங்கே பாய வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். எனக்கு முன்னாலேயே அந்த இடத்தைத் திரையில் தொட்டுக் காட்டுவார். கைதான் போய்ச் சேரவில்லை.

செலஸ்டில் ‘அசிஸ்ட் மோடு’ என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். கேமின் வேகத்தை 100-லிருந்து பத்துப் பத்தாக 50 வரை குறைக்கலாம். பிடி தளராமல் வைக்கலாம். சாகவே சாகாமலும் வைக்கலாம். வேகத்தை 70 ஆக்கிக் கொடுத்துவிட்டு, சாகாத வசதியையும் காட்டினேன். "விழாமப் போறதுக்கு நான் ஏன்டா ஏறணும்? அதை அணை" என்றார். 70-லேயே ஆடினார். தினமும் சாயங்காலம் டீ குடித்த பிறகு ஒரு மணி நேரம். எத்தனை முறை விழுந்தோம் என்று கேமே எண்ணி வைத்துக்கொள்ளும். உச்சியைத் தொட்டபோது அவர் கணக்கு 4,000-த்தைத் தாண்டியிருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த எண்ணை வாசித்தார், அப்புறம் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார்.

அந்த 70 வேகத்தில் நான் ஆடிப் பார்த்தேன், சமதரையில் நடப்பது மாதிரி இருந்தது. அவருக்கு அது முழு மலை. உங்கள் நண்பர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

எல்லாத் தோல்வியையும் நான் கஷ்டம் என்று கணக்கு வைப்பதும் இல்லை. 2019-ல் வந்த ‘செகிரோ’வில் ஈஸி, ஹார்டு எதுவும் கிடையாது, எல்லோருக்கும் ஒரே அளவுதான். அஷினா கோட்டையின் உச்சியில் கெனிச்சிரோ என்ற எதிரியிடம் 11 நாள் தோற்றேன். ஒவ்வொரு முறையும் ஏன் தோற்றேன் என்று தெரிந்தது. முதல் நாள் பயந்து பின்வாங்கினேன். ஐந்தாம் நாள் அவசரப்பட்டு, அவன் வாள் வருவதற்கு முன்னால் தடுத்தேன். ஒன்பதாம் நாள் அம்பு எப்போது வரும் என்று உடம்புக்கே தெரிந்துவிட்டது. தோற்றால் சண்டைக்கு ரொம்பத் தள்ளி எழுப்பாது, உடனே மறுபடி போகலாம். இந்தக் கஷ்டம் எனக்குப் பிடிக்கும். தெரிந்த பாதையிலேயே நாலு நிமிஷம் நடக்கவிட்டு, தெரிந்த காவலாளிகளையே மறுபடி அடிக்கவிட்டு, அதன் பிறகு சண்டையைக் காட்டுகிற கேம்கள் இருக்கின்றன. அது தொல்லை. 2011-ல் வந்த ‘டார்க் சோல்ஸ்’ எனக்கு உயிர். அதிலும் இந்தத் தொல்லை சில இடங்களில் உண்டு, அந்த இடங்களை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

நீங்கள் அடுத்து ‘ஹேடிஸ்’ ஆடுங்கள். அதில் ‘காட் மோடு’ போட்டால் வாங்கும் அடி 20 சதவீதம் குறையும். ஒவ்வொரு சாவுக்கும் இன்னும் 2 சதவீதம், 80 வரை போகும். சாவதால்தான் கதையும் நகர்கிறது. செத்தால் வீட்டுக்குத் திரும்புவீர்கள், அங்கே ஒவ்வொருவரும் உங்களிடம் புதிதாக ஏதாவது பேசக் காத்திருப்பார்கள். தோல்வியை இவ்வளவு அன்பாக வைத்த கேம் நான் வேறு பார்த்ததில்லை.

ஜூன் பிறந்தால் எங்கள் பக்கம் லைனில் மரம் விழாத நாள் இல்லை. போன வாரம் கரண்ட் போய், இரண்டரை மணி நேரம் ஆடியதெல்லாம் போய்விட்டது. அழுகையே வந்தது. எங்களுக்கு ஏற்ற கேம் எது?
– வாசகர், கூடலூர்

அழுகை நியாயம்தான். கேம் வாங்கும்போது நான் முதலில் விசாரிப்பது சேவ், அதாவது ஆடியதைப் பதிந்து வைப்பது, எப்படி என்பதை. கிராஃபிக்ஸ் அப்புறம். சேவ் செய்வதையே சிரமமாக்குவது பழைய வழக்கம். 1996-ல் வந்த முதல் ‘ரெசிடென்ட் ஈவில்’லில் டைப்ரைட்டர் இருக்கும் அறைக்குப் போய்ச் சேர வேண்டும், மை ரிப்பனும் கையில் இருக்க வேண்டும். பயமுறுத்தும் கேம், அதற்கு அது பொருந்தியது. ‘கிங்டம் கம் டெலிவரன்ஸ்’ 2018-ல் வந்தபோது, நினைத்த இடத்தில் சேவ் செய்ய ஒருவகைச் சாராயம் கைவசம் இருக்க வேண்டும். நிறுத்திவிட்டு வெளியேறும்போது சேவ் ஆகும் வசதி பின்னால் வந்த அப்டேட்டில்தான் கிடைத்தது. கரண்ட் போகாத ஊருக்கு அது சரி. கூடலூருக்கு அது தண்டனை.

உங்களுக்கு ‘அவுட்டர் வைல்ட்ஸ்’ சொல்வேன், 2019-ல் வந்தது. சின்னச் சின்னக் கிரகங்கள், உங்களுக்கு ஒரு விண்கலம். 22 நிமிஷத்தில் சூரியன் வெடித்துவிடும், மறுபடி ஆரம்பித்த இடத்திலேயே கண் விழிப்பீர்கள். சேர்த்து வைக்கப் பணமும் கிடையாது, ஏற்றிக்கொள்ள லெவலும் கிடையாது. ஒரு இடத்தில் படித்ததை வைத்து அடுத்த இடத்தின் கதவைத் திறக்க வேண்டும். கரண்ட் போனால் நஷ்டம் மிஞ்சி மிஞ்சி 22 நிமிஷம். தெரிந்துகொண்டது தலையிலேயே இருக்கும். நான் நாற்பது பக்க நோட்டு ஒன்றில் எழுதி வைத்து ஆடினேன். கரண்ட் இல்லாத இரவுகளில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் அதைப் புரட்டி, ‘அந்த மணல் கிரகத்துக்கு இன்னும் சீக்கிரம் போயிருந்தால்?’ என்று யோசித்தேன். கம்ப்யூட்டர் அணைந்திருந்தும் ஆட்டம் நிற்கவில்லை.

டெஸ்க்டாப் என்றால், மழைக்கு முன்னால் யு.பி.எஸ்.ஸை ஒருமுறை ப்ளக்கைப் பிடுங்கிச் சோதித்துவிடுங்கள். பேட்டரி பழசானால் இரண்டு நிமிஷம்கூடத் தாங்காது.

பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு எனக்கென்று கிடைப்பது இரண்டு மணி நேரம். துப்பாக்கி வேண்டாம். நல்ல கதை வேண்டும்.
– வாசகி, அரவங்காடு

‘வெண்பா’. 2023-ல் வந்த சமையல் கேம். 1980-களில் கனடா போய்ச் சேர்ந்த ஒரு தமிழ்க் குடும்பம். அம்மா, அப்பா, மகன். 2024-ல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு தரும் அறிமுக கேம் விருதை வாங்கியது. முதல் சமையலே இட்லி. சமையல் குறிப்பு நோட்டில் எழுத்து அழிந்துபோயிருக்கும். தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி எல்லா இட்லிக்கும் போகும் என்பதுதான் புதிர். வேறு நாட்டுக்காரர் யோசித்துச் செய்வதை உங்கள் கை தானாகச் செய்துவிடும். ஆனால் மகன் வீட்டில் தமிழ் பேசக் கூச்சப்படும் இடம் நமக்குத்தான் அதிகக் கஷ்டம். எனக்கு அங்கே தொண்டை அடைத்தது. ஒரு பகலில் முடிந்துவிடும். தனியாக இருக்கும்போதே ஆடுங்கள்.

அதற்குப் பிறகு ‘ஃபயர்வாட்ச்’, 2016. இரண்டு மணி நேரமாக இரண்டு மூன்று நாள் எடுக்கும். 1989-ம் வருஷக் கோடை, அமெரிக்காவின் வயோமிங் காடு. தீ தெரிகிறதா என்று ஒரு கோபுரத்தில் இருந்து பார்க்கும் வேலை. துணைக்கு வாக்கி டாக்கியில் ஒரு பெண்ணின் குரல் மட்டும். கையில் மேப்பும் திசைகாட்டியும். பனியில் கருகிய புல் காய்ந்து, பிப்ரவரி மார்ச்சில் எதிர் மலையில் புகை எழும்போது ‘பெரிதா, சின்னதா?’ என்று நாம் நின்று பார்ப்போமே, அந்தப் பார்வையை அப்படியே வைத்திருக்கிறார்கள். நம் ஃபயர் வாட்ச்சர்களை நினைத்துக்கொண்டேதான் நான் ஆடினேன். முடிவு பலருக்குப் பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்தது. பெரிய மர்மமாக வளர்ந்த ஒன்று, கடைசியில் மனிதத் துக்கமாகச் சுருங்கும். அப்படித்தான் நடக்கும்.

இஷ்டப்படி எங்கும் சுற்றும் ஓப்பன் வேர்ல்டு பிடிக்குமா, ஒரே பாதையில் போகும் கேம் பிடிக்குமா?
– வாசகர், மேட்டுப்பாளையம்

ஒரே பாதை. மேப் முழுக்க நூறு குறிகள் இருந்தால் எனக்கு அது வேலைப் பட்டியல். ஒரு விலக்கு, 2017-ல் வந்த ‘ப்ரெத் ஆஃப் த வைல்ட்’. எந்தப் பாறையிலும் ஏறலாம், மழை பிடித்தால் வழுக்கும். பாதி மலையில் மழை வந்துவிட்டது என்று பலர் திட்டுகிறார்கள். எனக்கு அங்கேதான் அது நிஜ மலை. பாறை இடுக்கில் ஒதுங்கி நின்று வானம் வெளுக்கட்டும் என்று காத்திருந்தேன். சில நாள் சுற்றிப் போனேன்.

ஆட்டத்துக்கு நடுவில் வரும் கதைக் காட்சியை, அந்தக் கட்-சீனைத் தாண்டலாமா?
– வாசகர், குன்னூர்

முதல் தடவை வேண்டாம். தோற்றுத் திரும்பும்போதும் தாண்டவிடாத கேமாக இருந்தால், கேமையே தாண்டிவிடுங்கள்.

அண்ணா, 2005-ல் உங்க சென்டரில் 4-ம் நம்பர் சிஸ்டத்தில் உட்காருவேன். ‘வைஸ் சிட்டி’யில் அந்தப் பொம்மை ஹெலிகாப்டர் மிஷனைக் கடைசிவரை முடிக்கவில்லை. இப்போது என் பையன் அதே இடத்தில் நிற்கிறான். வழி இருக்கா?
– வாசகர், கோவை

தம்பி, ஜன்னல் ஓர சிஸ்டம், நினைவிருக்கிறது. அந்த ஒரு மிஷனுக்காக மணிக்கு 20 ரூபாய் கொடுத்து, பஸ் காசும் தீர்ந்து நடந்தே வீட்டுக்குப் போன பையன்களை எனக்குத் தெரியும். அப்போது எனக்கே வழி தெரியாது. அது இன்னும் மனசில் இருக்கிறது, அதனால் முழுதாகச் சொல்கிறேன்.

கட்டடத்தில் நாலு குண்டு வைக்க வேண்டும். வேனில் உட்கார்ந்து நாம் ஓட்டும் அந்தப் பொம்மை ஹெலிகாப்டர் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தூக்கும். முதல் குண்டைத் தூக்கும்வரை கடிகாரம் ஓடாது! நாம் எல்லோரும் வேனை விட்டுக் கிளம்பியதும் அவசரமாகக் குண்டைத் தூக்கினோம், அங்கேதான் போனது. பையன் முதலில் வெறுங்கையோடு கட்டடத்துக்குள் பறக்கட்டும். மறித்து அடிக்க வரும் ஆட்களை இறக்கையாலேயே ஒதுக்கிவிடலாம். ஒவ்வொரு மாடிக்கும் படிக்கட்டு எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்ளட்டும். முன்னும் பின்னும் போக வலப்பக்க நம்பர் கீகள் வேண்டும். லேப்டாப்பில் அவை இல்லையென்றால் செட்டிங்கில் வேறு கீக்கு மாற்றிக் கொடுங்கள். படிக்கட்டுகளை அவன் கண்ணை மூடிக்கொண்டு உங்களுக்குச் சொல்லிக் காட்டட்டும். அப்புறம் முதல் குண்டை எடுக்கச் சொல்லுங்கள்.