விசை சொல்லும் முன் ஒரு கேள்வி

இந்த முறை வந்தவற்றில் பாதிக் கேள்விகள் கணினியைப் பற்றியவை அல்ல. கணினிக்கு யோசனை சொன்னவர்களைப் பற்றிய புகார்கள். இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: வலங்கைமானில் அழைப்பிதழ் அச்சடிக்கும் கடை வைத்திருக்கிறேன். வேர்டு மெதுவாக ஓடுகிறது என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். "ஆல்ட்டையும் எஃப்4-ஐயும் சேர்த்து அழுத்துங்கள், வேகம் கூடும்" என்றார் ஒருவர். அழுத்தினேன். திரையில் ஏதோ கேட்டது, வேண்டாம் என்றேன். காலையிலிருந்து அடித்த காதணி விழாப் பத்திரிகை காணாமல் போய்விட்டது. மீட்க முடியுமா?

பதில்: முடியலாம். வேர்டை மறுபடி திறந்து ஃபைல், இன்ஃபோ, மேனேஜ் டாக்குமெண்ட், ரெக்கவர் அன்சேவ்ட் டாக்குமெண்ட்ஸ் என்று வரிசையாகப் போங்கள். யாரும் அமைப்பை மாற்றாதிருந்தால் வேர்டு 10 நிமிடத்துக்கு ஒரு முறை தானாகவே ஒரு நகல் எடுத்து வைக்கும். கடைசி நகல் அங்கே கிடைத்தால் உடனே கண்ட்ரோல்+எஸ் அழுத்திப் பெயர் கொடுத்துச் சேமியுங்கள். மின்சாரம் சொல்லாமல் போகும் ஊரில் கடை நடத்துகிறவருக்கு அந்த விசை கைப்பழக்கமாகவே இருக்க வேண்டும்.

ஆல்ட்+எஃப்4 சாளரத்தை மூடும் விசை, "சேமிக்கட்டுமா?" என்று அது கேட்டதற்குத்தான் வேண்டாம் என்றிருக்கிறீர்கள். இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. தெரியாமல் கேட்பவரை வைத்து விளையாடும் இந்தக் குறும்பு மிகப் பழையது. எனக்கு ஒருநாளும் சிரிப்பு வந்ததில்லை. புதிதாக ஊருக்கு வந்தவர் வழி கேட்டால் படித்துறை இல்லாத இடத்தில் ஆற்றில் இறக்கிவிடுவோமா?

ஐபிஎம் நிறுவனத்தின் முதல் பிசி, அதாவது தனிநபர் கணினி, 1981-இல் வெளிவந்தது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான டேவிட் பிராட்லி, இயந்திரத்தை மறுபடி தொடக்க முதலில் கண்ட்ரோல், ஆல்ட், எஸ்கேப் என்றுதான் வைத்தார். மூன்றும் இடப்பக்கம், ஒரு கை தவறிப் பட்டாலே வேலை போய்விடும். எனவே எஸ்கேப்பை எடுத்துவிட்டு எட்டத்தில் இருக்கும் டெலிட்டைப் போட்டார். இரண்டு கையும் வேண்டும், தற்செயலாக நடக்காது. ஒரு பொறியாளர் இவ்வளவு யோசித்துத் தள்ளி வைத்த ஆபத்தை, நாம் ஒரு வரிச் செய்தியில் கைக்கு எட்டும்படி நகர்த்திக் கொடுக்கிறோம்.

கேள்வி: நீடாமங்கலம் பக்கம் நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டைக் கணக்கை எக்செல்லில் எழுதுகிறேன். திடீரென்று அம்பு விசையை அழுத்தினால் கட்டம் மாறவில்லை. தாள் முழுவதும் நகர்கிறது. இணையத்தில் கேட்டேன். ஒருவர் வைரஸ் என்றார், இன்னொருவர் விண்டோஸையே புதிதாகப் போடச் சொன்னார். வெளியே நெல்லைக் கொட்டி வைத்துக்கொண்டு விவசாயிகள் காத்திருக்கிறார்கள்.

பதில்: ஸ்க்ரோல் லாக் என்ற விசையில் கை பட்டிருக்கிறது. அவ்வளவுதான். மடிக்கணினியில் அந்த விசை பெரும்பாலும் இருக்காது. விண்டோஸ் விசை, கண்ட்ரோல், ஓ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திரையிலேயே ஒரு விசைப்பலகை வரும். அதில் அந்த விசையைச் சொடுக்கினால் தீர்ந்தது.

அந்த இரண்டு யோசனைக்காரர்களில் ஒருவராவது "எக்செல்லில் மட்டுமா, மற்ற இடத்திலும் அப்படியா?" என்று கேட்டிருக்கலாம். மடை அடைத்திருக்கிறதா என்று பார்க்காமலே வாய்க்காலைத் தூர்வாரக் கிளம்புவது போல இருக்கிறது. கேட்பவரிடம் எந்தக் கணினி, எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, கடைசியாக என்ன செய்தார் என்று விசாரிக்காத வரைக்கும் நம் பதில் வெறும் ஊகமே. ஊகமென்றால் ஊகம் என்று சொல்லிவிடுவது நல்லது. எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லும் வழியை, "கோப்புகளைப் பென்டிரைவில் எடுத்துவிட்டீர்களா?" என்று கேட்காமல் சொல்லவே கூடாது.

உங்களுக்கு இரண்டு இனாம்: கண்ட்ரோலோடு அரைப்புள்ளி விசையை அழுத்தினால் இன்றைய தேதி விழும். மூட்டை எண்ணிக்கைக்குக் கீழே உள்ள கட்டத்தில் ஆல்ட்டோடு சமக்குறி அழுத்தினால் கூட்டல் சூத்திரம் வரும். சரிபார்த்து என்டர் தட்டுங்கள்.

கேள்வி: நான் கேட்டால் யாருமே பதில் சொல்வதில்லை. ஏன்? (பாபநாசம் வாசகர்)

பதில்: நீங்கள் அனுப்பிய கேள்வியின் நகலையும் பார்த்தேன். "கம்ப்யூட்டர் சரியில்லை, உதவவும்." கால்நடை மருத்துவரிடம் போய் "மாடு சரியில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு நிற்பீர்களா? தீனி எடுக்கிறதா, எத்தனை நாளாக என்றெல்லாம் சொல்வீர்கள் அல்லவா! திரையைக் கைப்பேசியில் சாய்வாகப் படம் பிடிக்காமல், விண்டோஸ் விசை, ஷிப்ட், எஸ் மூன்றையும் அழுத்தி வேண்டிய பகுதியை மட்டும் வெட்டி அனுப்புங்கள். அதில் ஆதார் எண்ணோ வங்கிக் கணக்கோ தெரிகிறதா என்று ஒரு முறை பாருங்கள்.

கேள்வி: மாயவரத்தில் பல ஆண்டுகள் தட்டச்சுப் பயிலகம் நடத்தியவள் நான். கணினியிலும் பழைய தட்டச்சு முறையில்தான் தமிழ் அடிக்கிறேன். "இன்னுமா இது? தமிழ்99-க்கு மாறுங்கள்" என்று பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். மாற வேண்டுமா அம்மா?

பதில்: முதலில் ஒரு திருத்தம், அம்மா: நான் ஆண். இனி, வேண்டியதில்லை. தமிழ்99 என்ற விசைப்பலகை அமைப்பு நல்ல முறைதான். நானும் அதில்தான் அடிக்கிறேன். உயிரெழுத்துகள் இடக்கை, மெய்கள் பெரும்பாலும் வலக்கை. "அம்மா" என்பதற்கு அ, ம, ம, ஆ என நான்கு தட்டு போதும், புள்ளி தானாக விழும். ஆனால் தட்டச்சுப் பொறியில் "கெ" என்று அடிக்கக் கொம்பை முதலில் போட்டுவிட்டுப் பிறகு ககரம் அடித்த விரல்கள் உங்களுடையவை. தமிழ்99-இல் ககரத்துக்குப் பிறகுதான் எகரம். அந்த வரிசையை மாற்றுவது மனதுக்கு எளிது, விரலுக்கு அல்ல. என்எச்எம் ரைட்டர் போன்ற மென்பொருளில் பழைய தட்டச்சு முறையும் இருக்கிறது. அதில் அடித்தாலும் வருவது எல்லாக் கணினியிலும் படிக்க முடிகிற பொதுக் குறியீடான யூனிகோடு எழுத்துதான். படிப்பவருக்கு வித்தியாசமே தெரியாது. கேட்காத ஒருவருக்கு அவர் கைப்பழக்கத்தையே மாற்றச் சொல்வது யோசனை அல்ல, அதிகப்பிரசங்கித்தனம். அந்தப் பிள்ளைகளை உங்களோடு வேகப் போட்டிக்கு உட்கார வையுங்கள்.

கேள்வி: மன்னார்குடியில் இருக்கும் அப்பா தவறாக அழித்ததைத் திரும்பக் கொண்டுவர, செய்தியில் "கண்ட்ரோல்+இசட்" என்று அனுப்பினேன். ஒன்றும் நடக்கவில்லை, திரையில் கூட்டல் குறியும் இசட்டும் வந்துவிட்டன என்கிறார்.

பதில்: அவர் நீங்கள் எழுதியபடியே செய்திருக்கிறார்: கண்ட்ரோல், கூட்டல் குறி, இசட், ஒன்றன் பின் ஒன்றாக. நானும் மேலே அப்படித்தான் எழுதியிருக்கிறேன், பழக்கதோஷம். "கண்ட்ரோலை விடாமல் பிடித்துக்கொண்டே இசட்டை ஒரு தட்டுத் தட்டுங்கள்" என்று எழுதுங்கள். மேலே இடது ஓரத்தில் வளைந்த அம்பு இருந்தால் அதைச் சொடுக்கினாலும் அதே வேலை நடக்கும் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். இப்போது விழுந்திருக்கும் கூட்டல் குறியையும் இசட்டையும் அழிக்க பேக்ஸ்பேஸ் போதும். அதற்கு இன்னொரு குறுக்கு விசை சொல்லித் தர வேண்டாம்.